முட்டி வலிக்கு மருந்து... சைக்கிளின் பின் பல்லில்!

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் இருப்பவர்களிடம் "உங்க ஊர்ல மேடு எங்கே இருக்கு?" என்று கேட்டால் சிரிப்பார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் கரிசலும் சீமைக் கருவேலமும்தான். மலை பார்க்க வேண்டுமென்றால் மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு பக்கம் போக வேண்டும்.

ஆனால் அதே ஊரில், தினமும் சைக்கிள் மிதிக்கிறவரைக் கேட்டுப் பாருங்கள். "பாலம் ஏறும்போது முட்டி கழண்டு விழுற மாதிரி இருக்கு", "ஆடி மாசம் வந்தா போதும், வண்டி நகரவே மாட்டேங்குது" என்பார். கண்மாய்க் கரை ஏற்றம், ரயில் பாதைக்கு மேலே போகும் பாலம், ஓடைப் பாலத்தின் இரு பக்கமும் உள்ள சரிவு... இத்தனையும் மேடுதான். இவற்றோடு கண்ணுக்கே தெரியாத மேடு ஒன்றும் உண்டு. எதிர்க்காற்று!

நம் ஊர்ச் சைக்கிளுக்கு ஒரே ஒரு வேகம்தான். மேட்டிலும் அதே பல், பள்ளத்திலும் அதே பல். ஆகவே அந்த ஒரே பல்லைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது முக்கியமாகிறது. கடையில் மாட்டிக் கொடுத்ததை அப்படியே பத்து, இருபது வருஷம் மிதித்துவிட்டு, முட்டி போனபின் "வயசாயிடுச்சு, இனி சைக்கிள் சரிப்படாது" என்று அதை மூலையில் சாத்தி விடுகிறோம். பல நேரங்களில் வயசு மட்டும் காரணமாக இருப்பதில்லை. பின் சக்கரத்தில் இருக்கும் பல்லின் எண்ணிக்கைக்கும் அதில் பங்கு உண்டு.

இந்தப் பாடத்துக்கு ஒரு துண்டுச் சாக்பீஸ், ஒரு பேனா, ஒரு தாள் போதும். சைக்கிளையும் பக்கத்தில் நிறுத்திக் கொள்ளுங்கள்.

முதலில் பல்லை எண்ணுங்கள்

பெடல் சேர்ந்திருக்கும் பெரிய பல்சக்கரம்தான் செயின் வீல். பின் சக்கரத்தின் நடுவில் உள்ள சின்னது பிரீவீல். இரண்டையும் செயின் இணைக்கிறது.

செயின் வீலில் ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, அது திரும்பி வரும் வரை எண்ணுங்கள். பெரும்பாலும் 44 அல்லது 48 வரும். பிரீவீலையும் அப்படியே எண்ணுங்கள். பெரும்பாலும் 18 இருக்கும். செயின் கவர் மூடியிருந்தால் சைக்கிள் கடையில் ஐந்து நிமிஷ வேலை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. முன் பல்லைப் பின் பல்லால் வகுத்து, அதைச் சக்கரத்தின் அங்குல அளவால் பெருக்குங்கள். உங்கள் டயரில் 28 என்று போட்டிருந்தால் 28, லேடீஸ் சைக்கிளில் 26 என்று இருந்தால் 26.

44 ஐ 18 ஆல் வகுத்து 28 ஆல் பெருக்கினால் 68 வருகிறது. 48 பல் செயின் வீலாக இருந்தால் 75 வரும்.

இந்த 68, 75 என்பது என்ன? பழைய காலத்தில் முன் சக்கரம் ஆளுயரம், பின் சக்கரம் தட்டு மாதிரி ஒரு சைக்கிள் இருந்ததே, படத்தில் பார்த்திருப்பீர்கள். அதில் செயின் கிடையாது. பெடல் நேராக முன் சக்கரத்திலேயே இருக்கும். சக்கரம் எவ்வளவு பெரிசோ, ஒரு மிதிக்கு அவ்வளவு தூரம் போகும். அவ்வளவு பாரமாகவும் இருக்கும். 1885-ல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' என்ற செயின் வைத்த சைக்கிளைக் கொண்டு வந்த பிறகு, செயின் சைக்கிளின் பாரத்தையும் அந்தப் பழைய சக்கர அளவிலேயே சொல்லிப் பழகினார்கள். உங்கள் எண் 68 என்றால், 68 அங்குல உயரச் சக்கரத்தை நேராக மிதிப்பதற்குச் சமம். இதை நாம் 'பார எண்' என்று வைத்துக் கொள்வோம்.

எண் கூடினால் ஒரு மிதிக்குப் போகும் தூரம் கூடும், காலுக்குப் பாரமும் கூடும். எண் குறைந்தால் தூரம் குறையும், பாரமும் குறையும். இந்தப் பாடத்துக்கு இது ஒன்றே அடிப்படை.

28 அங்குலச் சக்கரத்துக்கு ஒரு சின்ன அட்டவணை. பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றினால் எவ்வளவு தூரம், நிமிஷத்துக்கு 60 சுற்று மிதித்தால் என்ன வேகம் என்று பாருங்கள்.

முன் 48, பின் 18: பார எண் 75. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 6 மீட்டர். வேகம் மணிக்கு 21 கி.மீ.

முன் 44, பின் 18: பார எண் 68. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஐந்தரை மீட்டர். வேகம் மணிக்கு 19 முதல் 20 கி.மீ.

முன் 44, பின் 20: பார எண் 62. ஒரு சுற்றுக்கு 5 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வேகம் மணிக்கு 17 முதல் 18 கி.மீ.

முன் 44, பின் 22: பார எண் 56. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ நாலரை மீட்டர். வேகம் மணிக்கு 16 கி.மீ.

முன்னால் 48 பல் உள்ளவர்கள் பின்னால் 20 போட்டால் 67, 22 போட்டால் 61 வரும். 26 அங்குலச் சக்கரத்தில் 44-க்கு 18 போட்டாலே பார எண் 64 தான். அதனால்தான் லேடீஸ் சைக்கிள் மேட்டில் கொஞ்சம் லேசாக ஏறுவது போலத் தெரிகிறது.

மேட்டில் காலுக்கு என்ன நடக்கிறது?

ஆள் 60 கிலோ, சைக்கிள் 20 கிலோ, கேரியரில் சுமை 20 கிலோ. மொத்தம் 100 கிலோ என்று வைத்துக் கொள்வோம். 100 மீட்டர் தூரத்துக்கு 5 மீட்டர் உயரும் ஒரு பாலம். அதில் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் பாரம் 5 கிலோ. டயர் தரையில் உரசுவதால் இன்னும் ஒரு கிலோ. ஆக 6 கிலோ.

"ஆறு கிலோதானே" என்று தோன்றும். ஆனால் பெடல் சுற்றும் வட்டம் சின்னது. ஒரு சுற்றில் உங்கள் கால் நகர்வது ஒரு மீட்டர் தூரம்தான். அந்த ஒரு மீட்டரில் சைக்கிளை ஐந்தரை மீட்டர் தள்ள வேண்டும். ஆகவே பாரமும் ஐந்து மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. பார எண் 75 என்றால் சராசரியாக 34 கிலோ அழுத்த வேண்டும். 68 என்றால் 32 கிலோ. 56 என்றால் 26 கிலோ.

இது சராசரிதான். பெடல் மேலேயும் கீழேயும் இருக்கும் நேரத்தில் அழுத்தினாலும் பலன் இல்லை. நடுவில் இருக்கும்போதுதான் முழுப் பாரமும் விழுகிறது. அந்தக் கணத்தில் கால் தாங்குவது இந்தச் சராசரியைவிட மிகக் கூடுதல்.

18 பல்லுக்குப் பதில் 22 பல் போட்டால் ஒவ்வொரு மிதிக்கும் கிட்டத்தட்ட 6 கிலோ குறைகிறது. பதிலுக்கு நீங்கள் கொடுக்கும் விலை? அந்த 100 மீட்டர் மேட்டில் 18 சுற்றுக்குப் பதில் 22 சுற்று. நாலே நாலு சுற்று கூடுதல்! முட்டியைக் கேட்டால் எதை விரும்பும் என்று நினைக்கிறீர்கள்?

முட்டிக்குள்ளே ஒரு பார்வை

முட்டியின் முன்னால் உருண்டையாக ஒரு சின்ன எலும்பு இருக்கிறதே, அதுதான் சில்லு. தொடையின் முன்பக்கத் தசை சுருங்கிக் காலை நீட்டும்போது, இந்தச் சில்லு ஒரு கப்பி போலத் தொடை எலும்பின் பள்ளத்தில் வழுக்கிச் செல்கிறது. சில்லின் உட்பக்கத்தில் வழவழப்பான குருத்தெலும்பு இருக்கிறது.

முட்டி எவ்வளவு மடங்கியிருக்கிறதோ, தசை எவ்வளவு இழுக்கிறதோ, அவ்வளவு இந்தச் சில்லு தொடை எலும்போடு அழுந்துகிறது. பாரமான பல், தாழ்வான சீட், மெதுவான மிதி மூன்றும் சேர்ந்தால் சில்லுக்குச் சனி பிடித்தது மாதிரிதான். முட்டியின் முன்பக்கம் வலி, படி இறங்கும்போது வலி, சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தால் வலி என்று ஆரம்பிக்கும்.

ஆனால் சைக்கிளே முட்டிக்கு ஆகாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நேர்மாறு! உடம்பின் எடையைச் சீட் தாங்கிக் கொள்வதால், நடப்பதையும் ஓடுவதையும்விட முட்டிக்கு அதிர்ச்சி குறைவு. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கே டாக்டர்கள் லேசான சைக்கிள் பயிற்சி சொல்வதுண்டு. 'லேசான' என்பதுதான் அங்கே முக்கியமான சொல். லேசாக, ஆனால் சுறுசுறுப்பாக மிதித்தால் இதயம், நுரையீரல், ரத்தச் சர்க்கரை எல்லாவற்றுக்கும் நல்லது.

கண்ணுக்குத் தெரியாத மேடு

'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்பது பழமொழி. அம்மி பறக்காவிட்டாலும் சைக்கிள் நின்றுவிடும். ஆனி, ஆடி, ஆவணியில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களைத் தாண்டி வந்து, மரம் மட்டை அதிகம் இல்லாத கரிசல் வெளியில் தடையில்லாமல் அடிக்கிறது.

அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே ஏறத்தாழ 15 கி.மீ. தூரத்தில் திருச்சுழி. அங்கிருந்து அருப்புக்கோட்டைக்கு வேலைக்கோ படிப்புக்கோ வருகிறவர் மேற்கு நோக்கி மிதிக்கிறார். அதாவது ஆடியில் காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டே வருகிறார். திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு போய் வீட்டில் விடும்!

காற்றின் கணக்கு கொஞ்சம் பொல்லாதது. காற்று இல்லாத நாளில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள். எதிரே 15 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால், உடம்பில் மோதும் காற்றின் வேகம் 30. வேகம் இரு மடங்கு. ஆனால் தடை நாலு மடங்கு! நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டை படபடக்க ஓட்டும் பெரியவருக்கு அரை கிலோ சொச்சமாக இருந்த தடை, இரண்டு கிலோவுக்கு மேல் போய்விடும். நாம் சொன்ன 100 கிலோ வண்டிக்கு இது 100 மீட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரும் மேட்டுக்குச் சமம்.

பாலம் 100, 200 மீட்டரில் முடிந்துவிடும். இந்த மேடு 15 கி.மீ. நீளம்! ஆகவே நம் பக்கத்து ஆள் பல் தேர்ந்தெடுக்கும்போது பாலத்தை மட்டும் பார்த்தால் போதாது. காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உங்களுக்கு எந்தப் பல்?

இரண்டு சோதனைகள் செய்து பாருங்கள். உங்கள் வழக்கமான சுமையோடு செய்ய வேண்டும். வெறும் வண்டியில் செய்தால் பொய்க் கணக்கு வரும்.

மேட்டுச் சோதனை: தினமும் நீங்கள் ஏறும் மேட்டில் சீட்டில் உட்கார்ந்தபடியே ஏறுங்கள். ஒரு பெடல் கீழே வருவதை 15 விநாடி எண்ணி, நாலால் பெருக்குங்கள். நிமிஷத்துக்கு 40 சுற்றுக்குக் கீழே வருகிறதா? சீட்டை விட்டு எழாமல் முடியவில்லையா? மேட்டு உச்சியில் பேச முடியாத அளவு மூச்சு வாங்குகிறதா? உங்கள் பல் பாரம்.

சமதளச் சோதனை: காற்று இல்லாத காலை நேரத்தில் சமமான ரோட்டில் உங்கள் வழக்கமான வேகத்தில் போங்கள். நிமிஷத்துக்கு 60 முதல் 80 சுற்று வந்தால் சரி. 90-ஐத் தாண்டி, இடுப்பு சீட்டில் துள்ளினால் பல் மிகவும் லேசு.

மேட்டின் அளவு தெரிய வேண்டுமா? ஒரு மீட்டர் நீளப் பலகையை மேட்டு வாக்கில் ரோட்டில் வையுங்கள். அதன் மேல் பாதித் தண்ணீர் ஊற்றிய பாட்டிலைப் படுக்க வைத்து, தண்ணீர் மட்டம் சமமாகும் வரை பலகையின் தாழ்ந்த முனையைத் தூக்குங்கள். அந்த முனைக்கும் தரைக்கும் எத்தனை செ.மீ. இடைவெளியோ, 100 மீட்டருக்கு அத்தனை மீட்டர் மேடு. (வண்டி வராத நேரம் பார்த்துச் செய்யுங்கள், அவசரம் வேண்டாம்!)

இனி தேர்வு:

சுமை இல்லை, இளவயது, ஊருக்குள் மட்டும் ஓட்டம் என்றால் பார எண் 65 முதல் 70 வரை. 44-க்கு 18 போதும். 48 பல் செயின் வீல் உள்ளவர்கள் பின்னால் 20 போட்டுக் கொள்ளலாம்.

தினமும் 10 கி.மீ.க்கு மேல், எதிர்க்காற்று, வழியில் ஒன்றிரண்டு பாலம், டிபன் பாக்ஸும் பையும் என்றால் 60-ஐ ஒட்டி. 44-க்கு 20 அல்லது 48-க்கு 22.

கேரியரில் தண்ணீர்க் குடம், நூல் மூட்டை, பால் கேன், பின்னால் இன்னொரு ஆள், அல்லது 45 வயசுக்கு மேல் ஏற்கெனவே முட்டி முணுமுணுக்கிறது என்றால் 55-ஐ ஒட்டி. 44-க்கு 22.

எப்போதோ ஒருமுறை வரும் மேட்டுக்காகப் பல்லை மாற்றாதீர்கள். தினமும் ஏறும் மேட்டுக்கும் தினமும் தூக்கும் சுமைக்கும் மாற்றுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெரிய ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. உண்மையான மலைப்பாதைக்கு 56 கூடப் பாரம்தான். அங்கே கியர் சைக்கிள் வேண்டும், அல்லது இறங்கி நடக்கத்தான் வேண்டும்.

"வேகம் குறைஞ்சிடுமே?" என்று கேட்பீர்கள். எதிர்க்காற்றில் 68-ஐ வைத்துக்கொண்டு எப்படியும் மணிக்கு 12 கி.மீ.தான் போகிறீர்கள், அதுவும் நிமிஷத்துக்கு 37 சுற்றில் திணறிக்கொண்டு. 56-ல் அதே 12 கி.மீ. வேகத்துக்கு 45 சுற்று வருகிறது. நேரம் அதேதான். கால்தான் பிழைக்கிறது. காற்று முதுகைத் தள்ளும் சாயங்காலத்தில் மட்டும் கொஞ்சம் மெதுவாகப் போவீர்கள். அதில் மிதிக்காமல் உருள விட்டுக் காலை ஆற்றிக் கொள்ளலாமே!

கடையில் என்ன கேட்க வேண்டும்?

மாற்ற வேண்டியது பின்னால் உள்ள பிரீவீலைத்தான். முன் செயின் வீல் பெரும்பாலும் வலது கிராங்கோடு சேர்ந்தே இருக்கும். அதை மாற்றினால் செலவும் கூடும், வேலையும் கூடும். "அண்ணாச்சி, 18-ஐக் கழட்டிட்டு 22 பல் பிரீவீல் போட்டுத் தாங்க" என்று சொன்னால் போதும். 18 எங்கும் இருக்கும். 20, 22 சின்ன ஊரில் சொல்லி வைத்து வரவழைக்க வேண்டியிருக்கலாம். காத்திருங்கள், தப்பில்லை.

மாற்றும்போது நாலு விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, செயின் நீளம். நாலு பல் கூடினால் செயின் ஒரு அங்குலம் கூடுதலாக வேண்டும். பின் சக்கரத்தை அரை அங்குலம் முன்னால் தள்ளினால் சரியாகிவிடும். தள்ள இடமில்லை, டயர் மட்கார்டில் உரசுகிறது என்றால் செயினில் ஒரு ஜோடிக் கண்ணி சேர்க்க வேண்டும்.

இரண்டு, பிரேக். சக்கரம் நகர்ந்தால் பிரேக் கட்டையும் இடம் மாறும். மறுபடி சரிபார்க்காமல் கடையை விட்டுக் கிளம்பாதீர்கள். ஏறிய பாலத்தில் இறங்கியும் ஆக வேண்டுமே!

மூன்று, செயினின் தொய்வு. நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு செ.மீ. அளவு ஆட வேண்டும். விறைப்பாக இருந்தால் பாரம். ரொம்பத் தொய்ந்தால் மேட்டில் செயின் கழன்று, கால் நழுவி விழ நேரும்.

நான்கு, செயினின் வயசு. பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து ஓர் ஊசியின் நடுவில் இருந்து 12 அங்குலம் அளந்து பாருங்கள். புதுச் செயினில் சரியாக 12-ல் இன்னொரு ஊசியின் நடு வரும். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு தள்ளி நின்றால் செயின் தேய்ந்துவிட்டது. தேய்ந்த செயினைப் புதுப் பல்லில் போட்டால் வழுக்கும், புதுப் பல்லும் கெடும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பைசா செலவில்லாத வைத்தியம்

பல்லை மாற்றும் முன் இவற்றைச் செய்து பாருங்கள். பாதி வலி இதிலேயே போய்விடலாம்.

சீட் உயரம்: நம்மில் பலர் கால் முழுசாகத் தரையில் ஊன்ற வேண்டும் என்று சீட்டை இறக்கி வைக்கிறோம். முட்டிக்கு அதைவிடத் தொல்லை வேறில்லை. ஒருவரை வண்டியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதி பெடலில் இருக்கும். அப்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம். ஒரேயடியாக ஏற்றாமல் வாரத்துக்கு ஒரு செ.மீ. ஏற்றிப் பழகுங்கள். முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு. பின்பக்கம் இழுத்துப் பிடித்தால் சீட் உயரம் என்பது பொதுவான அடையாளம்.

பாதம்: நடுப்பாதத்தால் மிதிக்காதீர்கள். விரல்களுக்குப் பின்னால் உள்ள அகன்ற பகுதியால் மிதியுங்கள். முட்டி வெளியே விரியாமல் நேர் கோட்டில் ஏறி இறங்கட்டும்.

காற்று, எண்ணெய்: சீமைக் கருவேல முள்ளுக்குப் பயந்து டயரில் காற்றைக் குறைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. முள் அதற்காக இரக்கம் காட்டாது. காற்று குறைந்தால் உரசல் கூடும், அவ்வளவுதான். சுமையோடு ஏறி உட்காரும்போது டயர் பிதுங்கக் கூடாது. கரிசல் தூசி ஒட்டிய செயினைத் துணியால் துடைத்துவிட்டு, சில சொட்டு எண்ணெய் விட்டு, மீதியைத் துடையுங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். பிரேக் கட்டை உரசி நின்றால், அதுவும் ஒரு மேடுதான்.

ஏறும் முறை: மேடு வருவதற்கு முன்பே சீராக வேகம் எடுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு மிதிக்காதீர்கள், முக்கினால் ரத்த அழுத்தம் எகிறும். சுமை இல்லாதபோது சில மிதிகள் எழுந்து மிதிக்கலாம். கேரியரில் குடம் இருக்கும்போது எழுந்தால் வண்டி ஆடிக் கவிழ்த்துவிடும்.

வெயில்: முடிந்தால் காற்றும் வெயிலும் ஏறும் முன் காலையிலேயே கிளம்புங்கள். நீர்மோர், கம்மங்கூழ், எலுமிச்சை ஜூஸ் எதுவானாலும் சரி, வழியில் குடிக்க ஒரு பாட்டில் இருக்கட்டும்.

பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை

வறண்ட பூமியில் சைக்கிள் என்ன செய்யும் என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டம் சாட்சி. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துக் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். பல பெண்கள் ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்கள். நடுக் கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் காரணம்!

பிள்ளை, குடம், விளைபொருள் என்று சுமையோடு மிதிக்கும் பெண்ணுக்குக் கடையில் போட்டுத் தரும் அதே 18 பல் எப்படிப் பொருந்தும்? பின்னாளில் அரசு மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியருக்குச் சைக்கிள் வழங்கத் தொடங்கியது. அந்தச் சைக்கிள்களிலும் ஒரே வேகம்தான். உங்கள் வீட்டுப் பெண் "பாலம் ஏற முடியலம்மா" என்று சொன்னால் "சோம்பேறி" என்று திட்டாதீர்கள். முதலில் சீட்டையும் பல்லையும் பாருங்கள்.

அதற்குப் பிறகும் சின்ன மேட்டுக்கே மூச்சு வாங்குகிறது, முகம் வெளுத்திருக்கிறது, படபடப்பு வருகிறது என்றால் ரத்தசோகையாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கிப் போடாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

டாக்டரிடம் போக வேண்டியது எப்போது?

முட்டி வீங்கியிருக்கிறது, சூடாக இருக்கிறது, நடுவில் பூட்டிக்கொள்கிறது, கால் ஊன்ற முடியவில்லை, இரவில் வலி எழுப்புகிறது என்றால் பல்லை மாற்றுவது வைத்தியம் ஆகாது. எலும்பு டாக்டரைப் பாருங்கள். இரண்டு மூன்று வாரம் லேசாக மிதித்தும் வலி குறையாவிட்டாலும் அப்படியே.

மேடு ஏறும்போது நெஞ்சை அழுத்துவது, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, கண் இருட்டுவது, குளிர்ந்த வியர்வை கொட்டுவது... இவை முட்டி சமாச்சாரம் அல்ல. அங்கேயே இறங்கி உட்காருங்கள். 108-க்கு போன் செய்யுங்கள். "வாயுப் பிடிப்பு" என்று சோடா குடித்துவிட்டு மறுபடி மிதிக்காதீர்கள்.

வீரர்களே இறங்கினார்கள்!

"பாரத்தைக் குறைத்துப் போட்டால் நாலு பேர் கிழவன் வண்டி என்பார்களே" என்று கூச்சமா? உலகப் புகழ் பெற்ற 'டூர் டி பிரான்ஸ்' சைக்கிள் பந்தயத்தில், ஓடும்போதே பல் மாற்றும் டெரெய்லர் கியரை 1937 வரை வீரர்களுக்கு அனுமதிக்கவில்லை. அதுவரை என்ன செய்தார்கள் தெரியுமா? பின் சக்கரத்தின் இரு பக்கமும் ஆளுக்கொரு பல்சக்கரம் இருக்கும். மலையடிவாரம் வந்ததும் வண்டியை விட்டு இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, பெரிய பல்லில் செயினைப் போட்டுக்கொண்டு ஏறினார்கள். உச்சியில் மறுபடி இறங்கித் திருப்பினார்கள். போட்டிக்கு நடுவில், நேரத்தை இழந்து!

உலகத்திலேயே பலமான கால்கள் அவர்களுடையவை. அவர்களே மேட்டுக்கு ஏற்ற பல் வேண்டும் என்று இறங்கினார்கள். குடத்தோடும் மூட்டையோடும் ஆடிக் காற்றில் போகிற நாம் வாழ்க்கையில் ஒருமுறை கடை வாசலில் இறங்கிப் பல்லை மாற்றிக்கொண்டால் என்ன?

இந்த ஞாயிற்றுக்கிழமை சாக்பீஸை எடுங்கள். முதலில் பல்லை எண்ணுங்கள், சீட்டை ஏற்றுங்கள், காற்றடித்து எண்ணெய் போடுங்கள். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, மேட்டுச் சோதனையை மறுபடி செய்யுங்கள். அப்போதும் 40 சுற்றுக்குக் கீழேயே நின்றால், அடுத்த வாரம் பிரீவீலை மாற்றுங்கள். மூலையில் சாத்தி வைத்த சைக்கிளாக இருந்தால் இன்னும் நல்லது. தூசி தட்டி எடுங்கள், அதற்கும் உங்கள் முட்டிக்கும் இன்னும் பல வருஷ ஓட்டம் பாக்கி இருக்கலாம்.